மூன்றாம் வரிசைப் போலீஸ்

சீருடையைத் தப்பாக அணிவது இவ்வளவு கஷ்டம் என்று நெட்டைக்கு அன்றுதான் தெரிந்தது.

படப்பிடிப்புத் தளத்தின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட நீள அறை. கயிற்றில் காக்கிச் சட்டைகள் தொங்கின. பழைய வியர்வையும் சலவைச் சோப்பும் கலந்த வாடை. துணை நடிகைகள் எல்லாரும் ஒரே கண்ணாடி முன்னால் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். காஸ்ட்யூம்காரர் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. ஆளை மேலும் கீழும் பார்ப்பார், அளவை ஊகிப்பார், துணியை எறிவார்.

“நெட்டை, இந்தா பிடி. பேன்ட் கணுக்காலுக்கு மேல ஏறித்தான் நிக்கும். பரவால்ல, நீ மூணாவது வரிசை. உன் கால எவனும் பாக்கப் போறதில்ல.”

“ஷூ அண்ணே?”

“ஷூ முதல் வரிசைக்கு மட்டும். உனக்கு உன் செருப்பே போதும்.”

சட்டையைப் போட்டதும் அவள் கைகள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிட்டன. குனிந்து பார்த்தபோது பொத்தான் வரிசையும் பெல்ட் கொக்கியின் விளிம்பும் ஒரே நேர்கோட்டில் நின்றன. கொக்கியை இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளினாள். சட்டையை அங்கங்கே வெளியே இழுத்துவிட்டாள். தொப்பியைச் சட்டிக்கு மூடி போடுவது போல் பின்னுக்குக் கவிழ்த்தாள். கண்ணாடியில் தெரிந்தவளைப் பயிற்சி மைதானத்தில் பார்த்திருந்தால் அவளே நாலு சுற்று ஓடவிட்டிருப்பாள்.

அவள் நிஜமாகவே போலீஸ். உதவி ஆய்வாளர். போன மழைக்காலத்தில் இந்தக் கூட்டத்துக்குள் வந்தவள். லாரி டிரைவரான புருஷன் கைவிட்டுப் போனான், கேட்க நாதியில்லை என்று ஒரு கதை சொல்லிச் சேர்ந்தாள். உயரத்தால் நெட்டை என்று பெயர் விழுந்தது. சந்தையில் காய் வாங்குபவளாகவும், பேருந்துக்குக் காத்திருப்பவளாகவும், சாவு வீட்டில் அழுபவளாகவும் கேமரா முன்னால் நின்றாள். இன்றுதான் முதல் முறையாகப் போலீஸ் வேடம்.

எடுத்துக்கொண்டிருந்த படமும் ஒரு பெண் போலீஸைப் பற்றியதுதான். கதாநாயகி தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு கடத்தல் கும்பலின் விடுதியில் ஆடுகிறாள், எல்லாரையும் பிடிக்கிறாள், கடைசியில் சீருடையில் வந்து பதக்கம் வாங்குகிறாள். அந்தப் பதக்கக் காட்சிக்குத்தான் பின்னால் மூன்று வரிசைப் பெண் போலீஸ் தேவைப்பட்டது.

ஆட்களை அனுப்பியது ஏஜென்டம்மா. படப்பிடிப்புகளுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுப்பவள். ஐம்பதைத் தாண்டிய, குரல் உயராத பெண். எல்லாரும் அவளுக்குக் ‘கண்ணு’தான். கைப்பை வாரில் பெரிதும் சிறிதுமாக ஊக்குகள் வரிசையாகத் தொங்கும். யார் உடை தொளதொளவென்று இருந்தாலும் பின்பக்கம் துணியைப் பிடித்து ஓர் ஊக்கைக் குத்தி முதுகில் தட்டி அனுப்புவாள். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வீட்டில் சண்டை என்று அவளுக்குத் தெரியும். யாரைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்பதும் தெரியும். அப்படிப்பட்டவர்களைத்தான் அவ்வப்போது ‘வெளியூர் ஷூட்டிங்’ கூட்டிப் போவாள். போனவர்கள் திரும்பவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏஜென்டம்மாவின் கணக்குப் பிசகியது. அப்படிப் போன ஒரு பெண்ணுக்கு, தனக்கு யாரும் இல்லை என்று சொல்லிச் சேர்ந்திருந்தாலும், ஓர் அம்மா இருந்தாள். வாரம் தவறாமல் காவல் நிலைய பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு மூக்குக் கண்ணாடிப் பெட்டி. “நடிக்கிறவ கண்ணாடி போடக்கூடாதுன்னு சொன்னாங்களாம், வீட்லயே வச்சுட்டுப் போயிட்டா. அது இல்லாம அவளுக்கு நாலடி தள்ளி ஆளே தெரியாது” என்பாள். “எவனோடயாவது ஓடிப்போயிருப்பா” என்று நிலையத்தில் சொல்லி அனுப்பினார்கள். மறு வாரமும் வந்தாள். கடைசியில் தலைமையகத்தில் பெண்கள் பிரிவு மேடம் காதுக்கு அது எட்டி, நெட்டை இங்கே வந்து சேர்ந்தாள்.

பெண்களை வைத்திருக்கும் வீடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஏஜென்டம்மாவை மட்டும் பிடித்தால் அன்றைக்கே அவர்களை வேறெங்காவது மாற்றிவிடுவார்கள். அந்த வீட்டுக்குப் போகும் வேனில் ஏறுவது ஒன்றுதான் வழி. அந்த வேனில் அன்று சாயங்காலம் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவளுக்கும், கூட நடிக்கும் குருவி என்ற பெண்ணுக்கும்.

பெரிய வாசலில் அவளுடைய ஆட்கள் இரண்டு பேர் ஆட்டோவில் காத்திருந்தார்கள், பின்தொடர. காலையிலேயே ‘பெரியம்மா’ என்று பதிந்திருந்த எண்ணுக்கு, “பெரியம்மா, சாயங்காலம் வெளியூர் போறேன், உடம்பப் பாத்துக்கோங்க” என்று சொல்லியாகிவிட்டது. மேடம் ஒரு ‘உம்’ கொட்டினார்.

இன்னும் நாலைந்து மணி நேரம் சொதப்பாமல் இருந்தால் போதும். இருக்கத்தான் முடியவில்லை. நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் வாசலை எட்டிப் பார்க்கத் தோன்றியது. எட்டிப் பார்க்கக்கூடாது என்று தன்னையே பிடித்துவைத்தாள்.

“அக்கா, என்னப் பாருங்களேன். தலகாணிக்கு உறை மாட்டின மாதிரி இருக்கேன்.”

குருவி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண். சித்தப்பா வீட்டில் சம்பளம் இல்லாத வேலைக்காரியாக இருந்துவிட்டு வந்தவள். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். சட்டை அவளுக்கு இரண்டு அளவு பெரிது.

“இந்தப் படத்துக் கத கேட்டீங்களா? முடிக்குக் கலர் அடிச்சிட்டாளாம், வில்லனுக்கு அடையாளம் தெரியலயாம். எங்க சித்திகூட மாசா மாசம் கலர் அடிக்குது, கடன்காரன் கரெக்டா கண்டுபிடிச்சு வந்துர்றான்.”

நெட்டை சிரித்தாள். நினைப்பு பெரிய வாசலில் இருந்தது. ஆட்டோவை யாராவது எடுக்கச் சொல்லிவிட்டால்? அவர்கள் டீ குடிக்கப் போயிருந்தால்? யோசித்துக்கொண்டே குருவியைத் தோளைப் பிடித்துத் திருப்பினாள். இடுப்பின் இரு பக்கமும் பொங்கி நின்ற துணியை விரல்களால் பின்னுக்கு இழுத்தாள். உறையின் மூலையை மடிப்பது போல் மடித்தாள். அப்படியே பேன்ட்டுக்குள் செருகி பெல்ட்டை இறுக்கினாள். முன்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. விசில் கயிறு வலத் தோளில் கிடந்தது, இடத் தோளுக்கு மாற்றினாள். தொப்பியின் முத்திரையை மூக்குக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

முடித்த பிறகுதான் கை என்ன செய்தது என்பதைக் கண் பார்த்தது.

தன் உடம்பின் ஒவ்வோர் அங்குலத்தையும் காவல் காத்தவள், அடுத்தவள் உடம்பை மறந்துவிட்டாள். பயிற்சிப் பள்ளியில் அணிவகுப்புக்கு முன்னால் ஒருத்திக்கு ஒருத்தி இப்படித்தான் செய்துவிடுவார்கள். தன் முதுகைத் தன்னால் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவளின் சட்டை பொங்கினாலும் தண்டனை இரண்டு பேருக்கும்தான்.

“இரு, இரு, இன்னும் கொஞ்சம்...” கலைத்துவிடக் கை நீட்டினாள்.

“ஐயோ வேணாம்க்கா, சூப்பரா இருக்கு!” குருவி துள்ளி நகர்ந்தாள். அதற்குள் வெளியே உதவி இயக்குநரின் ஒலிபெருக்கி அலறியது. “போலீஸ் எல்லாரும் வெளிய வாங்க! வெளிச்சம் போகுது! பொரி தின்னுட்டு நிக்கிற போலீஸ், உங்களத்தான்!”

மைதானத்தில் சிவப்புக் கம்பளம். ஏஜென்டம்மா வரிசைகளுக்குப் பின்னால் நடந்து, பொங்கிய சட்டைகளுக்கு ஊக்குக் குத்திக்கொண்டே வந்தாள். நெட்டையின் முதுகிலும் ஒன்று குத்தினாள். “நீ ஏன் கண்ணு இன்னிக்கு பஞ்சு மூட்ட மாதிரி வந்திருக்க?” அடுத்து இரண்டாம் வரிசையில் குருவி. ஏஜென்டம்மா கையில் ஊக்கோடு நின்றாள். குத்த இடமில்லை. இரண்டு விரலால் அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தாள். அடுத்தவளிடம் நகர்ந்தாள்.

கதாநாயகிக்குச் சல்யூட் வரவில்லை. வெயிலுக்குக் கண்ணை மறைப்பவள் போல் கையைத் தூக்கினாள். இயக்குநர் ஏழெட்டு முறை நிறுத்திவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“போலீஸ் மாதிரி நிக்க ஒருத்திக்கும் தெரியலயே! இதோ, இந்தப் பொண்ணப் பாருங்க. இது டிரெஸ்ஸு. யாரும்மா போட்டுவிட்டது?”

குருவிக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி மூன்றாம் வரிசையைக் கைகாட்டினாள். “நெட்டையக்காதான் சார்!”

எல்லாத் தலைகளும் திரும்பின. நெட்டை பல்லைக் காட்டிக்கொண்டு, கோணலான தொப்பியோடு, சல்யூட்டை இடக்கையால் அடித்தாள். கூட்டம் சிரித்தது. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். ஏஜென்டம்மா மட்டும் சிரிக்கவில்லை.

டீ நேரத்தில் கூப்பிட்டாள். “கண்ணு, கொஞ்சம் உள்ள வா.”

ஒப்பனை வேனுக்குள் யாரும் இல்லை. கண்ணாடியைச் சுற்றி மஞ்சள் விளக்குகள். ஏஜென்டம்மா கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேன் டிரைவர் கதவுக்கு வெளியே வந்து நின்றது ஜன்னல் வழியே தெரிந்தது.

“குருவிக்கு நீதான் கட்டிவிட்டியா?”

“ஆமாம்மா.”

“ஊக்கு எங்க?”

“குத்தலம்மா.”

“அதான் கேக்குறேன். நான் எத்தனையோ வருஷமா போலீஸ் வேஷத்துக்கு ஆள் அனுப்புறேன். என் ஊக்கு இல்லாம ஒருத்தி சட்டையும் நின்னதில்ல. காஸ்ட்யூம்காரனுக்கே தெரியாது இந்த மடிப்பு.” ஊக்கு ஒன்றைத் திறந்து மூடிக்கொண்டே பேசினாள். “சரி, உனக்குத் தெரிஞ்சிருக்கு. அடுத்தவளுக்கு இவ்வளவு அழகா கட்டத் தெரிஞ்சவ, தனக்கு ஏன் கட்டிக்கல? அது ஒண்ணுதான் எனக்குப் புரியல. புரிய வை.”

கேள்வி சரியாக ஆணிவேரில் விழுந்தது. தெரியாது என்றால் பொய். தெரியும் என்றால் மறைத்தது ஏன் என்று வரும். வெளியே யாரோ கோப்பைகளைக் கழுவும் சத்தம் கேட்டது. வேனில் இடம் போனால் குருவி மட்டும் தனியாகப் போவாள்.

நெட்டை தரையைப் பார்த்தாள். “எனக்கு இந்தத் துணியக் கண்டாலே ஆகாதும்மா.”

“ஏன்?”

“என் வீட்டுக்காரரு லாரி டிரைவர் இல்ல. போலீஸு.”

ஊக்கு மூடிய நிலையில் நின்றது.

“டெய்லி காலைல நான்தான் சட்டைய அயர்ன் பண்ணி எடுத்து வைக்கணும். மொதல்ல காலர், அப்புறம் தோள்பட்ட, கடைசியாதான் கை. கை மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும். கல்யாணமான புதுசுல ஒரு நாள் காலரத் தீச்சுட்டேன், ஏலக்காய் அளவுக்கு ஒரு கறை. கோவப்படல. அத மறைக்க அன்னிக்கு முழுக்கக் கழுத்தச் சாச்சுக்கிட்டே நின்னாராம். பின்பக்கம் துணி மடிச்சு விடுறதும் நான்தான். தானே மடிச்சா கோணிக்கும்.”

ஒன்றையும் அவள் இட்டுக்கட்டவில்லை. ஆளை மட்டும் மாற்றினாள். பள்ளிக்கூட வாத்தியாரான அவள் புருஷன்தான் தினமும் காலையில் அவளுக்கு அயர்ன் பண்ணித் தருபவன். காலரைத் தீய்த்தவனும் அவன்தான். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றவள் இவள். இத்தனை மாதமும் அவன் வாரம் ஒரு முறை அந்தச் சட்டையைச் சும்மாவே அயர்ன் பண்ணி மாட்டிவைக்கிறான் என்று ‘பெரியம்மா’ சொல்லியிருந்தார்.

“அப்புறம் வேற ஒருத்தி பின்னால போயிட்டாரு. அந்த மடிப்ப இப்போ அவ மடிச்சு விடுவா.”

“இத மொதல்லயே ஏன் சொல்லல?”

“போலீஸ்காரன் பொண்டாட்டின்னா சேத்துருப்பீங்களா?”

ஏஜென்டம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “சத்தியமா சேத்திருக்க மாட்டேன்.”

ஆனாலும் எழுந்திருக்கவில்லை. “உன்னோடத இப்ப சரியாப் போடு. பாக்குறேன்.”

வேறு வழியில்லை. நெட்டை முதுகு ஊக்கைக் கழற்றினாள். கொக்கியை நேராக்கினாள். பின்னால் மடித்துச் செருகினாள். தொப்பியைத் தூக்கி, மூக்குக்கு நேராக வைத்து இறக்கினாள். கண்ணாடியின் மஞ்சள் வெளிச்சத்தில் மாதக் கணக்கில் பார்க்காத ஒருத்தி வந்து நின்றாள். நெட்டை அவளை அதிக நேரம் பார்க்கவில்லை.

ஏஜென்டம்மாவின் கைப்பேசி அடித்தது. ஓரமாகத் திரும்பி, “லீவா? இன்னிக்கா? எனக்கு ஒரு வார்த்த சொல்றதில்ல? வேற யாரு நிக்கிறா? புதுப் பையனா?” என்று பல்லைக் கடித்தாள். வைத்துவிட்டு மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். சந்தையில் பூசணிக்காயைத் தட்டிப் பார்க்கும் பார்வை.

“கழட்டாத கண்ணு” என்றாள். “நீ இப்படியே முன் சீட்ல உக்காந்து வா. வழில சோதனைச் சாவடி ஒண்ணு இருக்கு. நம்ம ஆளு லீவாம். போலீஸ் உக்காந்திருக்க வண்டிய எவன் சோதிக்கப் போறான்? தெருவுல எல்லாவனும் தொப்பியத்தான் பாப்பான், மூஞ்சியப் பாக்கமாட்டான்.”

காஸ்ட்யூம்காரர் தகர அறை வாசலில் வழிமறித்தார். “யம்மா, ஒரு செட்டு குறையுது!”

“நாளைக்குக் கொண்டு வந்து குடுக்குறேன்யா. துவைச்சே குடுக்குறேன்.”

“கிழிஞ்சா எனக்குத்தான் வசவு!” அவர் குரல் பின்னாலேயே வந்தது.

வேனில் ஏறும்போதே ஏஜென்டம்மா கையை நீட்டினாள். “போன் ரெண்டையும் குடுங்க. வெளியூர்ல டைரக்டருக்குப் பிடிக்காது.” கைப்பேசிகள் கைப்பைக்குள் போய் ஜிப் மூடியது. குருவி பின்சீட்டில் ஏஜென்டம்மாவுக்குப் பக்கத்தில். சீருடையைக் கொடுத்துவிட்டுத் தன் பூப்போட்ட சட்டைக்கு மாறியிருந்தாள். டிரைவர் வண்டியை எடுத்தான்.

பெரிய வாசலுக்குப் போகவில்லை. ஜெனரேட்டர் லாரிகள் போகும் பின்வாசல் வழியாகச் சந்துக்குள் இறங்கி, வேறொரு சாலையில் ஏறியது.

நெட்டை திரும்பிப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் சாலை காலியாக இருந்தது. இரண்டு வளைவுகள் கழித்தும் காலியாகத்தான் இருந்தது. ஆட்டோக்காரர்கள் அந்தப் பெரிய வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

“ஏன்க்கா பேசவே மாட்டேங்கிறீங்க?” என்றாள் குருவி பின்னாலிருந்து. “டிரெஸ் போட்டதும் போலீஸ் கெத்து வந்துருச்சா?”

“வாய மூடிட்டு வா.”

“பாத்தீங்களா ஏஜென்டம்மா, லத்தி இல்லாமயே அடிக்கிறாங்க.”

ஏஜென்டம்மா சிரித்து, குருவியின் காதோர முடியை ஒதுக்கிவிட்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்த நெட்டை தொடையின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டாள்.

கட்டடங்கள் குறைந்து, கிடங்குகள் வந்தன. அந்தி மங்கும் நேரத்தில் சோதனைச் சாவடி. சாலையில் குறுக்கும் மறுக்குமாகத் தார் பீப்பாய்கள். புதிதாகப் பூத்த மீசையோடு ஓர் இளம் காவலர் கையைக் காட்டினார். டிரைவர் நிறுத்தினான். அவன் கழுத்தில் வியர்வை ஓடியது.

காவலர் சீருடையைப் பார்த்ததும் விறைத்தார். ஜன்னலோரம் வந்தார். கண் தோளுக்குப் போனது, தொப்பிக்குப் போனது, அப்படியே கீழே இறங்கியது. கணுக்காலுக்கு மேல் நிற்கும் பேன்ட். ரப்பர் செருப்பு.

“மேடம்... எந்த ஸ்டேஷன் மேடம்?”

பின்சீட்டில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. இந்தப் பையன் கெட்டிக்காரன். வண்டியை ஓரம் கட்டச் சொல்லப்போகிறான். போலி போலீஸ் என்று இங்கேயே இறக்குவான். ஏஜென்டம்மா கைப்பேசியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வீடு இரவுக்குள் காலி.

நெட்டை மெதுவாக ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினாள்.

“கால்ல கொப்பளம். டாக்டர் செருப்பு போடச் சொல்லிருக்காரு. உங்கிட்ட சீட்டு காட்டணுமா?”

“இல்ல மேடம்...”

“நீ என் கால சோதிக்கிறியா, வண்டிய சோதிக்கிறியா? காலைலேருந்து எத்தன வண்டி விட்ட? ஒண்ணாவது கண்ட்ரோலுக்குச் சொன்னியா?”

காவலர் எச்சில் விழுங்கினார். “சந்தேகம்னா மட்டும் சொல்வோம் மேடம்.”

“சந்தேகம் வந்துச்சுல்ல இப்ப? என் செருப்பப் பாத்து வந்துச்சுல்ல? அப்ப சொல்ல வேண்டியதுதானே? மேலதிகாரின்னதும் வாய் அடைச்சுப் போச்சா?” இறங்கிப்போய் அறைவாளோ என்று டிரைவரே ஒதுங்கி உட்கார்ந்தான். “வாக்கி எடு. இந்த வண்டி நம்பரச் சொல்லு. எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லு. தலைமையகத்துல பெண்கள் பிரிவு மேடத்துக்குத் தகவல்னு சொல்லு. நாளைக்கு அவங்கள நான் கேப்பேன், தகவல் வந்துச்சான்னு. வரலன்னா நீ பீப்பாய்க்குப் பதிலா ரோட்ல நிப்ப.”

“யாருன்னு சொல்லட்டும் மேடம்?”

மார்பில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் படத்துக்காக யாரோ எழுதிய பெயர் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. தன் பணி எண்ணைச் சொன்னாள். மாதக் கணக்கில் நாக்கில் வராத எண், தடுக்காமல் வந்தது.

காவலர் சல்யூட் அடித்தார். பதிலுக்கு அவள் கை உயர்ந்தது. இந்த முறை வலக்கை.

பீப்பாய்களைத் தாண்டி நூறடி வந்ததும் ஏஜென்டம்மா வெடித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அடிப்பாவி! உன்னப் போய் இத்தன நாளும் கூட்டத்துல நிக்கவச்சு வீணாக்கிட்டேனே! அந்த நம்பர் எங்கேருந்துடி பிடிச்ச?”

“வீட்டுக்காரரோடது.”

“அவனுக்கு நாளைக்கு வேட்டுதான்!”

“நெஜமாவே சொல்லிட்டான்னா?” என்றான் டிரைவர்.

“என்னத்த சொல்வான்? போலீஸ் ஏறின வண்டி ஒண்ணு போச்சுன்னு சொல்வான். போடா.”

குருவி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவள் கண்கள் நெட்டையைப் பார்த்தன. அப்புறம் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாதவள் பேசாமல் இருப்பதை ஏஜென்டம்மா கவனித்துவிடக்கூடாதே என்று நெட்டை ஒவ்வொரு வளைவிலும் வேண்டிக்கொண்டாள். அந்தத் தகவலை முதலில் யார் கேட்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது. லீவில் இருக்கும் அந்த ‘நம்ம ஆளு’வைப் போல் இன்னும் எத்தனை பேரோ.

மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் அந்த வீடு இருந்தது. இரும்புக் கதவு, உயர்ந்த சுவர், முன்னறையில் ஒரு சோபாவும் ஓடாத கடிகாரமும். உள்ளே தாழ்வாரத்தின் கடைசியில் வெளித்தாழ் போட்ட ஓர் அறை. கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

ஏஜென்டம்மா விளக்கைப் போட்டாள். “டிரெஸ்ஸக் கழட்டிக் குடு கண்ணு. துவைச்சு அனுப்பணும்.”

“கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா. தண்ணி குடிச்சுக்கிறேன்.”

தண்ணீரைக் குடித்தாள். இன்னொரு டம்ளர் கேட்டாள். செருப்பு வார் அறுந்துவிட்டது என்று குனிந்து நிமிர்ந்தாள். காது முழுக்க வெளியே இருந்தது. தூரத்தில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டு, தேய்ந்து, வேறு பக்கம் போனது. குருவி சுவரோடு ஒட்டி நின்றாள்.

“என்ன, பிடிச்சுப் போச்சா? கழட்டு” என்றாள் ஏஜென்டம்மா மறுபடி. இந்த முறை குரலில் ‘கண்ணு’ இல்லை.

நெட்டை டம்ளரைக் கீழே வைத்தாள். ஏஜென்டம்மாவின் பார்வை அவள் முகத்திலிருந்து கீழே இறங்கியது. அகற்றி ஊன்றிய கால்கள். முதுகுக்குப் பின்னால் வாசல். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அறையைப் பாதி சுற்றி, வெளியே போகும் வழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஊக்குகள் தொங்கும் கைப்பை மெல்லக் குலுங்கியது.

“அவன் போலீஸ் இல்ல” என்றாள் ஏஜென்டம்மா மெதுவாக. “உன் வீட்டுக்காரன்.”

“இல்லம்மா. வாத்தியார்.”

கைப்பைக்குள் போன கையைக் குருவி பாய்ந்து பிடித்தாள். சித்தப்பா வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கிய கை, விடவில்லை. பை கீழே விழுந்தது. அதே சமயம் இரும்புக் கதவில் முதல் இடி விழுந்தது. டிரைவர் கொல்லைப் பக்கம் ஓடிச் சுவரில் ஏறினான். சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் நின்றது அவன் குதித்த பிறகுதான் தெரிந்தது.

படத்தில் இந்த இடத்தில் கதாநாயகிக்கு முக்கால் பக்க வசனம். துணை நடிகைகளுக்கே மனப்பாடம். நெட்டைக்கு ஒன்றும் வரவில்லை.

“உக்காருங்கம்மா” என்றாள்.

ஏஜென்டம்மா சோபாவில் உட்கார்ந்தாள்.

உள்ளறையின் வெளித்தாழை நெட்டை நீக்கினாள். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்தும் எதையோ முட்டுக் கொடுத்திருந்தார்கள். கதவில் கைப்பிடி அளவுக்கு ஒரு சந்து. அதில் ஒரு கண் வந்து, காக்கியைப் பார்த்து, சட்டென்று மறைந்தது. உள்ளே கட்டில் இழுபடும் சத்தம்.

“கதவத் தொறங்க. போலீஸ் வந்திருக்கு” என்றாள் நெட்டை.

கட்டில் இன்னும் நெருக்கமாக வந்து கதவில் முட்டியது.

குருவி முன்னால் வந்தாள். “அக்கா, பயப்படாதீங்க. இவங்க நெஜ போலீஸ்.”

“முன்னாடி வந்தவனும் நெஜ போலீஸ்தான்” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “இதே சட்டதான்.”

சாவடியிலிருந்து போன தகவலைப் பிடித்து வந்த போலீஸ்காரர்களில் ஒருவர் கதவை உடைக்கத் தோளைக் கொடுத்தார். நெட்டை அவரைத் தடுத்தாள். எல்லாரையும் முற்றத்துக்குப் போகச் சொன்னாள். இத்தனை மாதம் எந்தத் துணிக்குள் திரும்பிப் போக ஏங்கினாளோ அதன் பொத்தான்களை மேலிருந்து கழற்றினாள். தொப்பி, பெல்ட், சட்டை. உள்ளே கழுத்து நைந்த ஒரு பனியன். எல்லாவற்றையும் குருவியின் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கதவில் காதை வைத்தாள்.

“உள்ள யாருக்காவது கண்ணாடி இல்லாம தூரம் தெரியாதா?”

உள்ளே இருமல் அடங்கியது.

“உங்கம்மா அந்தக் கண்ணாடிய வச்சிருக்காங்க. வாராவாரம் வர்றாங்க. வந்து பெஞ்சுல உக்காந்து, முந்தானையால அதத் தொடச்சுட்டே இருப்பாங்க. கறுப்பு ஃபிரேம். ஒரு கால்ல நூல் சுத்தியிருக்கும்.”

உள்ளே கிசுகிசுப்பு. யாரோ யாரையோ தடுத்தார்கள். “பொய்யா இருக்கும்டி.” “நூல் சுத்தினது நான்தான்.” கட்டில் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டில் ஓர் ஒல்லியான பெண் கண்களை இடுக்கிக்கொண்டு நின்றாள்.

“யாரு?” என்றாள். “மூஞ்சி தெரியல. கிட்ட வாங்க.”

நெட்டை எழுந்து கிட்டே போனாள்.